சுக்கு நீரும் சொல் நாணயமும்

அண்மையில் நம் நகரத்துப் பள்ளி ஒன்று ஆண்டு விழாக் கொண்டாடியது. பெற்றோரும் பழைய மாணவரும் அக்கம்பக்கத்துக் குடும்பத்தாரும் திரண்டு வந்த விழா அது. அங்கே ஒரு மூலிகைத் தேநீர்க் கடை நடத்தும் வாய்ப்பு நம் தோழர் சிலருக்குக் கிடைத்தது. சுக்கு, மல்லி, மிளகு, அதிமதுரம் ஆகியவற்றைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கினோம். கருப்பட்டி, குமரி மாவட்டத்துத் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது. துளசியைப் பள்ளித் தோட்டத்திலேயே பறித்துக்கொண்டோம். மாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினோம். ஐந்து மணிக்குள் கடை முன் வரிசை நின்றுவிட்டது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்க, ஆவி பறக்கும் குவளைகள் கைமாறின. கண்கொள்ளாக் காட்சிதான், ஐயமில்லை.

ஆயினும், அன்று முதல் என் நெஞ்சில் ஒரு முள் தைத்து நிற்கிறது. அதைப் பற்றி எழுதவே இந்த ஏட்டில் இடம் கேட்டேன்.

கடையின் முகப்பில் ஒரு பலகை வைத்திருந்தோம். “அகத்தியர் மூலிகைத் தேநீர். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி யாவும் தீரும்” என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர்களுள் நானும் ஒருவன். கூட்டத்தை இழுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எங்களுக்கு இல்லை. அகத்தியர் பெயரைச் சேர்த்தால் தமிழ் மணம் வீசும் என்று நினைத்தோம்.

பேரனுடைய ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த மூதாட்டி ஒருவர் ஒரு குவளை வாங்கிக் குடித்தார். சுவை பிடித்துப் போயிற்று. இரண்டாம் குவளையையும் வாங்கிக்கொண்டு, பலகையை ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “மக்களே, இதைத் தினமும் வச்சுக் குடிச்சா அந்தச் சக்கரை மாத்திரையை நிறுத்திரலாமா?” என்று கேட்டார்.

கையில் கரண்டி இருந்தது. நாவில் விடை இல்லை. “வேண்டாம் பாட்டி, டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்திராதீங்க” என்றேன். “அப்பம் பலகையிலே எழுதிப் போட்டிருக்கே?” என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை; குறையாகவும் கேட்கவில்லை. படித்த பிள்ளைகள் எழுதியது பொய்யாக இராது என்று நம்பிக் கேட்டார். அந்த நம்பிக்கைதான் என்னைச் சுட்டது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். நாம் ஊற்றிக் கொடுத்த நீரில் இனிப்பு எங்கிருந்து வந்தது? கருப்பட்டியிலிருந்து. கருப்பட்டியின் பெரும்பகுதி சர்க்கரையே. வெள்ளைச் சீனியில் இல்லாத சில உப்புகளும் மணமும் சுவையும் அதில் உண்டு. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அதுவும் சளைத்ததன்று. சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று பலகையில் எழுதிவிட்டுக் குவளையில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறோம்! இரத்தக் கொதிப்பு தீரும் என்றும் எழுதினோம். அதிமதுரத்தைத் தொடர்ந்து மிகுதியாக உண்டால் உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும். இது மருத்துவ நூல்களில் தெளிவாக உள்ள செய்தி. ஒரு குவளையால் ஒருவருக்குக் கேடு வந்துவிடாது. ஆனால், “தினமும் குடிக்கலாமா” என்று கேட்டவருக்கு நாம் வைத்திருந்த விடை அந்தப் பலகை ஒன்றுதானே?

“மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்று சிலர் சொல்கிறார்கள். அதே நாவால், “மூலிகை எந்த நோயையும் தீர்க்கும்” என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? நோயைத் தீர்க்கும் ஆற்றல் ஒரு பொருளுக்கு உண்டென்றால், அளவு மீறினால் தீங்கு செய்யும் ஆற்றலும் அதற்கு உண்டு. அதனால்தான் நம் சித்த மருத்துவர் அளவு சொன்னார்கள், பத்தியம் சொன்னார்கள், சரக்கைச் சுத்தி செய்யும் முறை சொன்னார்கள். மருந்தைக் கண்டு அஞ்சவும் தெரிந்தவனே மருத்துவன். பலகை எழுதிய நாங்களோ அஞ்சத் தெரியாதவர்களாக இருந்தோம்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. மருந்துகளையும் மாய மருத்துவத்தையும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-ஆம் ஆண்டிலேயே இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். அந்நோய்களின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. இரத்த அழுத்தமும் இருக்கிறது. அச்சிட்ட அறிவிப்பு மட்டுமன்றி, வாயால் கூவிச் சொல்வதையும் விளம்பரம் என்றே அச்சட்டம் கொள்கிறது. பள்ளி விழாவில் கடை போட்ட மாணவரைப் பிடிக்கக் காவலர் வரமாட்டார். அதற்காக, நாட்டின் சட்டம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தவறென்று சொன்னதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாம் செய்யலாமா?

இனி, பெயரைப் பற்றி ஒரு சொல். தேயிலைச் செடியின் தளிரைக் கொதிநீரில் இட்டால் வருவது தேநீர். சுக்கிலும் மல்லியிலும் தேயிலை ஏது? 2025 டிசம்பரில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் இதையே வலியுறுத்தியது. தேயிலைச் செடியிலிருந்து வராத பானங்களுக்குத் ‘தேநீர்’ என்று பெயரிட்டு விற்பது வாங்குவோரைத் தவறான வழியில் செலுத்துவதாகும் என்று அறிவித்தது. இதைக் கேட்டுச் சிலர், “அப்படியானால் நம் கடைக்கு என்ன பெயர் வைப்பது?” என்று கவலைப்பட்டார்கள். கவலை எதற்கு? தமிழில் பெயருக்குப் பஞ்சமா? கொதிக்க வைத்து வடித்த மூலிகை நீருக்குச் சித்த மருத்துவத்தில் ‘குடிநீர்’ என்றே பெயர். 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டு அரசு ஊர்தோறும் வழங்கிய நிலவேம்புக் குடிநீரை அறியாதார் யார்? மருந்தென்ற எண்ணமே வேண்டாவென்றால் ‘சுக்குக் காப்பி’ என்று மக்கள் சொல்கிறார்கள். ‘சுக்கு வெள்ளம்’ என்று இந்த ஊரார் சொல்கிறார்கள். இத்தனையும் இருக்க, ‘மூலிகைத் தேநீர்’ என்ற இரவல் பெயர் நமக்கு எதற்கு?

மூன்றாவது செய்தி அகத்தியர் பெயரைப் பற்றியது. இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

நாம் அகத்தியர் பெயரைப் பலகையில் எழுதினோம். அந்த முனிவர் பெயரால் விளங்கும் மலை எங்கே இருக்கிறது? வேறெங்குமில்லை, இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்தியர்கூடம். அம்மலைத் தொடரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர்கள் காணிக்காரர்கள். கேரளத்தில் மட்டுமின்றித் தமிழ்நாட்டின் குமரி, நெல்லை மாவட்ட மலைகளிலும் அவர்கள் வாழ்கிறார்கள். மலையின் செடிகொடிகளைப் பற்றிய அறிவு அவர்களுடைய முதுசொம்.

1987-இல் அறிவியலறிஞர் குழு ஒன்று புஷ்பாங்கதன் தலைமையில் அந்த மலையில் ஏறியது. வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். வழியில் ஒரு சிறு செடியின் காய்களை அவ்வப்போது வாயில் இட்டுக்கொண்டார்கள். அறிஞர்களும் அதைத் தின்று பார்த்தபோது சோர்வு நீங்குவதை உணர்ந்தார்கள். அது என்ன செடி என்று கேட்டால், காணிக்காரர்கள் எளிதில் சொல்லவில்லை. அது அவர்களுடைய முன்னோர் காத்த மறைபொருள். பிறகு, நம்பிக்கை பிறந்த பின் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி ஆகியோரின் பெயர்கள் அந்த வரலாற்றில் பதிந்துள்ளன.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் செடியை ஆராய்ந்து, அதனுடன் வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற ஊக்கமருந்தை உருவாக்கியது. கோவை ஆரிய வைத்திய மருந்தகத்துக்குச் செய்யும் உரிமை வழங்கப்பட்டது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமைப்பணம். இவ்வாறு வருவதில் பாதியைக் காணிக்காரருக்குக் கொடுப்பதென்று நிறுவனம் முடிவு செய்தது. 1997-இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1999-இல் 5 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை அதன் கைக்குச் சென்றது. பழங்குடியினரின் அறிவைப் பயன்படுத்தியவர்கள் அதன் பயனை அவர்களோடு பங்கிட்டுக்கொண்டதற்கு உலகின் முதல் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இதை அறிஞர்கள் பேசுகிறார்கள். உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இல் நம் நாட்டில் வந்தது. அந்தச் சட்டம் வருமுன்னரே, சட்டம் கட்டாயப்படுத்தாத நாளில், இது நடந்தது.

குறையே இல்லாத வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கேட்டுச் செய்யவில்லை என்ற மனத்தாங்கல் எழுந்தது. காட்டிலிருந்து இலை பறிக்க வனத்துறை தடை சொன்னதால், மருந்துக்கு வேண்டிய சரக்குக் கிடைக்காமல் தொல்லை வந்தது. பங்கு கொடுப்பது கடினம். நேர்மையாகக் கொடுப்பது இன்னும் கடினம். ஆனால், ‘இந்த அறிவு உங்களுடையது, இதன் பயனில் உங்களுக்கும் பாதி’ என்று சொல்ல ஒரு நிறுவனம் முன்வந்தது அல்லவா? அந்த நிறுவனம் நம் நகரிலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. நாமோ அகத்தியர் பெயரை எடுத்துக்கொண்டோம். அந்த மலையில் வாழ்கிறவனின் பெயரை நினைத்தோமா?

சுக்கும் மல்லியும் எல்லார் வீட்டு அடுக்களையிலும் உள்ளவை. அவற்றுக்கு யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டுவதில்லை என்று கேட்பீர்கள். உண்மை. சுக்குக் காப்பிக்கு உரிமை கொண்டாடுவார் எவருமிலர். எனினும் ஒரு குவளைக்குப் பின்னே எத்தனை கைகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பனை ஏறிப் பதனீர் இறக்கி, அதை மணிக்கணக்கில் காய்ச்சிக் கட்டியாக்கிய குடும்பங்கள் பழைய தென் திருவிதாங்கூரில் ஆயிரமாயிரம். அவர்கள் செய்த கருப்பட்டி எல்லார் வீட்டுக்குள்ளும் போயிற்று. அவர்களோ வாசலுக்கு வெளியே நின்றார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்த மக்களிடையே எழுந்த வைகுண்டர், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் மொள்ளச் செய்தார்.

இந்தத் தலைநகரின் கதையும் வேறன்று. தமிழராகிய தைக்காடு அய்யாவு சுவாமிகள், சாதி பாராமல் யாவரையும் ஒரு பந்தியில் உட்கார வைத்து உணவிட்டது இந்த ஊரில்தான். பள்ளிக்கூடத்தின் கதை இன்னும் கொடிது. நூறாண்டுக்குச் சற்று முன், இதே மாவட்டத்து ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற புலையர் குலச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யங்காளி அழைத்துச் சென்றார். அவள் உட்கார்ந்த பள்ளியைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள்! எரிந்தது போக எஞ்சிய பலகை ஒன்று அங்கே இன்றும் காக்கப்பட்டு வருகிறது. 2022-இல் அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் கேரள அரசு சூட்டியது.

இதை எதற்காகச் சொல்கிறேன்? பள்ளி விழாவில் ஒரே அண்டாவிலிருந்து ஊற்றிய நீரை யாவரும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள்; யார் ஊற்றியது, யார் முன்னே நின்றது என்று எவரும் கேட்கவில்லை. இக்காலத்தில் இஃது இயல்பாகத் தோன்றுகிறது. இதை இயல்பாக்குவதற்குப் பாடுபட்டவர்கள் எத்தனை பேர்! அகவே, நம் கடையின் உண்மையான சிறப்பு அந்த வரிசையில் இருந்தது. பலகையில் இருந்த பொய்யில் அன்று. உள்ள பெருமையைக் காணாமல், இல்லாத பெருமையைத் தேடி எழுதினோம்.

2025 ஜனவரியில் இந்த நகரில் நடந்த மாநிலப் பள்ளிக் கலைவிழாவைப் பலர் பார்த்திருப்பீர்கள். மங்கலங்களி, பணியர் நிருத்தம், இருளர் நிருத்தம், பளியர் நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம் என்னும் ஐந்து பழங்குடிக் கலைகள் அவ்விழாவின் போட்டிகளில் முதன்முறையாக இடம் பெற்றன. ஆடிய கலைக்கு அதை ஆடி வந்த மக்களின் பெயரே மேடையில் ஒலித்தது. கலைக்குக் கிடைத்த இந்த மதிப்பு அறிவுக்கும் கிடைக்க வேண்டாவா?

என் கருத்தை மறுப்பவர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு உரையாடியும் இருக்கிறேன். “விழாவில் ஒரு மாலை நடக்கும் கடைக்கு இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா?” என்கிறார் ஒருவர். மாலை சிறிதுதான். ஆனால் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்தியிருந்தால், அதன் விளைவு அந்த மாலையோடு முடிந்திருக்குமா? இன்னொருவர், “நீ தமிழ் மருத்துவத்தை இழிவு செய்கிறாய்” என்று சினந்தார். நான் இழிவு செய்யவில்லை. தமிழ் மருத்துவத்தைப் படித்தவர் இருக்கிறார்கள். அதற்குக் கல்லூரி இருக்கிறது. நாடி பார்த்து, ஆளுக்கேற்ற அளவறிந்து கொடுக்கும் முறை இருக்கிறது. அதைப் பத்து ரூபாய்க் குவளையில் ஊற்றி, வந்தவர்க்கெல்லாம் ஒரே மருந்தென்று கூவுவதே இழிவு.

இந்த நகரில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் மனோன்மணீயம் சுந்தரனார். தமிழ்மீது அவருக்கு இருந்த பற்றை நான் சொல்ல வேண்டியதில்லை; அவருடைய வாழ்த்தை நாம் கூட்டந்தோறும் பாடுகிறோம். அவரே திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்தபோது, பழமை என்ற ஆசையால் கண்டபடி ஆயிரங்களை அடுக்கவில்லை. சான்று எங்கே கொண்டு நிறுத்தியதோ அங்கே நின்றார். பற்றும் சான்றும் ஒருவரிடமே குடியிருக்கலாம் என்பதற்கு அவரைவிட அருகில் நமக்கு வேறு யார் வேண்டும்?

ஆதலால், நம் மன்றத்தார் அடுத்த முறை கடை நடத்துமுன் இவற்றை முடிவாக ஏற்க வேண்டுமென வேண்டுகிறேன்.

முதலாவது, நோய் தீரும் என்ற சொல் பலகையிலும் வேண்டா, வாயிலும் வேண்டா. “குளிருக்கு இதமான சுக்கு நீர்” என்று எழுதினால் போதும். அது பொய்யன்று, சுவையும் குறையாது.

இரண்டாவது, குவளையில் உள்ள பொருள்கள் அனைத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும். கருப்பட்டி சேர்ந்தது ஓர் அண்டா, சேராதது ஓர் அண்டா என்று இரண்டு வைத்தால், சர்க்கரை நோயாளியும் அஞ்சாமல் குடிப்பார். அதிமதுரத்தை விட்டுவிடலாம், சுக்கும் மல்லியும் துளசியுமே போதும்.

மூன்றாவது, காகிதக் குவளைக் குப்பையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வரலாகாது. எவர்சில்வர் குவளைகளைக் கொண்டு சென்று, கழுவ இருவரை நிறுத்த வேண்டும். கழுவும் முறை வரும்போது கை நழுவும் தோழர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை.

நான்காவது, வரவு செலவுக் கணக்கை விழா முடிந்த வாரத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மிச்சத்தில் பாதி பள்ளி நூலகத்துக்கு. மற்றப் பாதி மலையிலிருந்து இந்நகருக்குப் படிக்க வரும் பழங்குடி மாணவரின் புத்தகச் செலவுக்கு. அதையும் தானம் என்ற பெயரால் கொடுக்க வேண்டா. அவர்களை நம் மன்றத்துக்கு அழைத்து, அவர்கள் ஊரின் செடிகளைப் பற்றி அவர்களே பேசக் கேட்போம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் காப்பது என்பது அவர்கள் விருப்பம்.

இவையெல்லாம் சிறு காரியங்கள். சிறு காரியத்தில் சொன்ன சொல் தவறாதவனைத்தான் நாளை பெரிய காரியத்தில் ஊர் நம்பும். நம்முள் சிலர் மருத்துவராவோம்; சிலர் ஆசிரியராவோம்; சிலர் ஆட்சிப் பணிக்குப் போவோம். அங்கெல்லாம் நம் எழுத்தை நம்பி யாரோ ஒருவர் முடிவெடுப்பார்.

விழா முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தபின், அந்தப் பலகையை நான் துடைத்துவிட்டேன். பாட்டி கேட்ட கேள்வியை மட்டும் துடைக்க முடியவில்லை. அடுத்த ஆண்டும் பேரன் ஆடுவான், பாட்டியும் வருவார். அன்று அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பலகையில் ஒரு பொய்யும் இருக்கலாகாது.